ஒரு கிலோ தீவனம் தண்ணீரில் என்ன செய்கிறது?

விட்டம் 4 மீட்டர், தண்ணீர் மட்டம் 1 மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டுக் கொல்லையிலும் தென்னந்தோப்பு ஓரத்திலும் நிற்கிற தார்ப்பாய் மீன் தொட்டிகளில் பல இந்த அளவுதான். சுமார் 12,500 லிட்டர் கொள்ளும். 2020-இல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானியம் கிடைக்கத் தொடங்கிய பிறகு இவை ஊருக்கு ஊர் முளைத்தன. அதே வேகத்தில் பல காலியாகியும் கிடக்கின்றன.

தொட்டி வாங்குகிறவர் முதலில் கேட்பது, "இதில் எத்தனை குஞ்சு விடலாம்?" என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மீன் விலைக்குப் போகும் கடைசி மாதத்தில் இந்தத் தொட்டிக்குள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீவனம் விழும்? காற்று ஊதும் ப்ளோயர் எத்தனை எச்பி, வடிகட்டி எவ்வளவு பெரிது, குழாய் என்ன அளவு, மாதத்துக்கு எத்தனை மூட்டை சோடா உப்பு என எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் கணக்கிட முடியும்.

போட்டே பார்ப்போம். கன மீட்டருக்கு 20 கிலோ மீன் என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியாவைத் தண்ணீரிலேயே வளர்த்துக் கழிவைச் சமாளிக்கும் பயோஃபிளாக் தொட்டிக்கு இது பெரிய ஆசை இல்லை. மொத்தம் 250 கிலோ, அதாவது அரைக் கிலோ எடையில் 500 திலாப்பியா. அந்த வயதில் உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் போட்டால் நாளுக்கு 5 கிலோ. தீவனத்தில் புரதம் 30 சதவீதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், ஒரு கிலோ தீவனத்தில் 48 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதில் ஒரு பங்கைத்தான் சதையாக்கும். கொஞ்சம் கழிவோடு போகும். மீதி அம்மோனியாவாகச் செவுள் வழியே நேராகத் தண்ணீருக்கு வந்துவிடும். தொட்டி வடிவமைப்பில் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: தீவன எடையைப் புரத விகிதத்தால் பெருக்கி, 0.092-ஆல் பெருக்கு. ஒரு கிலோ தீவனத்துக்கு 28 கிராம் அம்மோனியா நைட்ரஜன். 5 கிலோவுக்கு 140 கிராம்.

140 கிராமை 12,500 லிட்டரில் கலந்தால் 11 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 11 மில்லிகிராம். ஒரே நாளில். அகற்ற ஆளில்லை என்றால் நாளைக்கு 22, மறுநாள் 33.

இந்த எண்ணைப் பார்த்ததும் "தண்ணீரை மாற்றிவிடலாமே" என்று தோன்றும். 2 பிபிஎம்மில் பிடித்து வைக்க வேண்டுமானால் நாளுக்கு 70,000 லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டும். தொட்டியை ஐந்தரை முறைக்கு மேல் நிரப்பிக் கொட்ட வேண்டும். 10 சதவீதம் மாற்றினால் போகிற அம்மோனியாவும் 10 சதவீதம்தான். தண்ணீர் மாற்றுவது முதலுதவியே தவிர, அதை நம்பி ஒரு பண்ணையை நடத்த முடியாது.

அம்மோனியா எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது

தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கிறது. மின்னேற்றம் உள்ள அம்மோனியம் பெரிதாகத் தீங்கு செய்யாது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியா செவுளைத் தாண்டி ரத்தத்துக்குள் போய்விடும். நஞ்சு அதுதான். சோதனைக் கிட் இரண்டையும் சேர்த்தே காட்டும். அதில் நஞ்சின் பங்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவை பிஎச், வெப்பநிலை. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் நஞ்சு 0.7 சதவீதம். பிஎச் 8-இல் சுமார் 6.5 சதவீதம். பிஎச் 9-இல் 41 சதவீதம். கிட்டில் ஒரே 2 பிபிஎம் காட்டினாலும், பிஎச் 7-இல் நஞ்சு 0.014 பிபிஎம், பிஎச் 9-இல் 0.8 பிபிஎம். நீண்ட நாளுக்கு 0.05-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று வைத்துக்கொண்டால், முதல் தொட்டியில் மீன் நிம்மதியாக இருக்கும். இரண்டாவதில் ஒரு ராத்திரி தாங்குவதே சந்தேகம்.

வருத்தம் தருகிற ஒரு சாவு இங்கேதான் அடிக்கடி நடக்கிறது. பல வாரங்களாகப் பிஎச் மெல்ல இறங்கி 6.5-க்குக் கீழே போயிருக்கும். பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா 8 அல்லது 10 பிபிஎம்முக்கு ஏறியிருக்கும். ஆனால் பிஎச் தாழ்ந்திருப்பதால் மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒருநாள் பிஎச் குறைந்திருப்பதைக் கண்டு பதறி, ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவார்கள். நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சை 9-க்கும் மேலே தூக்கிவிடும். அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா உடனே நஞ்சாக மாறும். காலையில் தொட்டி முழுக்க வெள்ளை வயிறு. இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் தீவனத்தை நிறுத்தி, தண்ணீரை மாற்றி அம்மோனியாவைக் குறைக்க வேண்டும். பிறகு சோடா உப்பை, அதாவது கடையில் கிடைக்கும் ஆப்பச்சோடாவை, இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் போட வேண்டும். அது எவ்வளவு போட்டாலும் பிஎச்சை 8.3-க்குப் பக்கத்தில் நிறுத்திவிடும் என்பதே அதன் பெரிய பலம்.

பாக்டீரியாவுக்கு இடமும் காரமும்

140 கிராமையும் தின்று தீர்க்க இரண்டு வகைப் பாக்டீரியாக்களை வேலைக்கு வைக்கலாம். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழும், மெதுவாகப் பெருகும். தண்ணீரை வடிகட்டித் திரும்ப விடும் மறுசுழற்சி முறையில் உருளும் பிளாஸ்டிக் துண்டுகளை (மீடியா) நிரப்புவது இவற்றுக்கு வீடு கட்டிக் கொடுக்கத்தான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் உள்ள பாக்டீரியா நம் ஊர் வெப்பத்தில் நாளுக்கு 0.35 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும் என்று கணக்கில் கொள்ளலாம். 140 கிராமுக்கு 400 சதுர மீட்டர் வேண்டும். கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு தரும் மீடியா என்றால் 800 லிட்டர். மீடியா தடையில்லாமல் உருள, கலனில் 50 முதல் 60 சதவீதம்தான் நிரப்பலாம். ஆக 1,500 லிட்டர் கலன். இந்தத் தொட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம்மில் பாதி மீடியா போட்டு "வடிகட்டி" என்று விற்பதைப் பார்க்கிறோம். அது 18 கிராமுக்கான வீடு. மீதி 122 கிராம் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

வடிகட்டி வழியே தண்ணீர் ஓடும் வேகமும் இதே கணக்குதான். உள்ளே வரும்போது 2 பிபிஎம், ஒரு சுற்றில் பாதி குறைகிறது என்றால், ஒவ்வொரு கன மீட்டரும் 1 கிராமைத்தான் விட்டுச் செல்கிறது. 140 கிராமுக்கு நாளுக்கு 140 கன மீட்டர், மணிக்குச் சுமார் 6,000 லிட்டர். மோட்டாரின் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே இல்லாமல் ஓடும்போது வருவது. 2 மீட்டர் ஏற்றி, நாலு எல்போ வைத்துத் திருப்பினால் அது வெகுவாகக் குறையும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து பார்ப்பதே நிச்சயம்.

இந்தப் பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜனும் 7.14 கிராம் காரத்தன்மையும் (பிஎச் இறங்காமல் தாங்கும் கையிருப்பு) செலவழிக்கும். 140 கிராமுக்கு நாளொன்றுக்கு 1,000 கிராம் காரம், அதாவது தண்ணீரில் 80 பிபிஎம் ஒவ்வொரு நாளும் கரைந்து போகிறது. நம் ஊர் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரில் 300 பிபிஎம் காரத்தன்மை இருப்பது சாதாரணம். நாளுக்கு 10 சதவீதம் புதுத் தண்ணீர் விட்டால் 375 கிராம் காரம் அதிலேயே வந்துவிடும். மீதி 625 கிராமுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சோடா உப்பு வேண்டும். போர் தண்ணீரே மென்மையாக இருக்கும் மலையடிவாரப் பகுதிகளில் முழுப் பாரமும் சோடா உப்பின் தலையில்தான். அப்போது நாளுக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டும். காரத்தன்மையை 100 முதல் 150 பிபிஎம்முக்குள் வைத்திருந்தால் பிஎச் தானாக நிலைத்து நிற்கும். பிஎச்சை மட்டும் அளப்பவருக்கு ஆபத்து வந்த பிறகுதான் தெரியும். காரத்தன்மையை அளப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பயோஃபிளாக் வேறு வழியில் போகிறது. இதில் அம்மோனியாவை நேரடியாக உடலாக்கிக்கொள்ளும் பாக்டீரியாவுக்கு வெல்லமோ மொலாசஸோ கொடுத்துத் தண்ணீரிலேயே வளர்க்கிறோம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 15 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். 140 கிராமுக்கு நாளுக்கு 2.1 கிலோ. காரச் செலவு முதல் வகையில் பாதிதான். ஆனால் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 8 கிராம் பாக்டீரியா உடல் உண்டாகிறது. அதாவது ஒவ்வொரு நாளும் ஒரு கிலோவுக்கு மேல், அதுவும் உலர் எடையில், புது வண்டல். "கழிவே இல்லாத முறை" என்ற விளம்பரத்தை நம்பியவர்கள் இடறுவது இங்கேதான். திலாப்பியா அதில் கொஞ்சம் தின்னும். தின்னாததை நாம் எடுத்தாக வேண்டும்.

எடுக்க வேண்டிய நேரத்தைச் சொல்வது இம்ஹாஃப் கூம்பு. ஒரு லிட்டர் தண்ணீரை அதில் மொண்டு, வெயில் படாத இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் நிறுத்தினால், பழுப்பு நிறப் பஞ்சு போல ஃபிளாக், அதாவது பாக்டீரியாத் திரள், கீழே இறங்கும். திலாப்பியாவுக்கு 25 முதல் 50 மில்லிலிட்டர் சரி. அதைத் தாண்டினால் செவுள்களில் படிந்து மூச்சு முட்டும். மீனுக்கான ஆக்சிஜனையும் ஃபிளாக்கே குடிக்கும். கூம்பின் அடியில் கருப்பாகப் படிந்து, கிளறினால் அழுகின முட்டை வாடை வந்தால், அளவு எவ்வளவாக இருந்தாலும் தொட்டியின் அடியில் காற்றுப் படாத இடம் இருக்கிறது என்று அர்த்தம். வெல்லத்தை அந்தி சாய்ந்த பிறகு மொத்தமாகக் கொட்டுவது இன்னொரு பிழை. பாக்டீரியா அதைத் தின்னும்போது ஆக்சிஜன் சட்டென்று விழும். காலைத் தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கரைத்து வடிகட்டி, இரண்டு மூன்று தவணையாக ஊற்றுவதே சரி.

முதல் ஆறு வாரம்

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் வளரும். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா பின்தங்கி வரும். அதனால் புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறி இறங்கிய பிறகு, மூன்றாவது நாலாவது வாரத்தில் நைட்ரைட் தலைதூக்கும். "அம்மோனியா இறங்கிவிட்டது" என்று தீவனத்தைக் கூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அப்போதுதான். நைட்ரைட் ரத்தத்துக்குள் போய் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளையே மாற்றிவிடும். தண்ணீரில் 6 பிபிஎம் ஆக்சிஜன் இருந்தாலும் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இறந்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டியது டிகாஷன் நிறத்தில் இருக்கும்.

மருந்து, சமையல் உப்பு. குளோரைடு இருந்தால் செவுள் நைட்ரைட்டை உள்ளே விடாது. நைட்ரைட் நைட்ரஜனைப் போல் குறைந்தது 10 மடங்கு குளோரைடு வேண்டும். 5 பிபிஎம் நைட்ரைட் நைட்ரஜன் இருந்தால் 50 பிபிஎம் குளோரைடு. 12,500 லிட்டருக்கு 625 கிராம் குளோரைடு. உப்பில் 60 சதவீதம் குளோரைடு என்பதால், ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கல்லுப்பு போதும். போர் தண்ணீரே உவர்ப்பாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: சில கிட் நைட்ரைட்டைக் காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். இரண்டுக்கும் 3.3 மடங்கு வித்தியாசம். கிட்டின் தாளில் எது என்று படித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

குஞ்சு விடுவதற்கு முன்னாலேயே வடிகட்டியைப் பழக்கிவிடுவது இன்னும் நல்லது. அம்மோனியம் குளோரைடு போட்டு 2, 3 பிபிஎம்மில் வைத்து, காற்றை ஓட்டி, போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் ஒரே நாளில் காணாமல் போகும் வரை காத்திருக்க வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த தண்ணீர், ஃபார்மலின், கண்டபடி ஆன்டிபயாடிக் ஆகியவற்றில் எதுவும் பிறகு இந்த உழைப்பை ஒரே நாளில் அழித்துவிடும்.

கழிவை உடைய விடாதே

மீன் கழிவு முழுசாக இருக்கும்போது எடுப்பது எளிது. மோட்டார் விசிறியில் அடிபட்டு மாவாகிவிட்டால் எதிலும் படியாது. எனவே நடு வடிகாலிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிப் படிவுக் கலனுக்குப் போக வேண்டும். மோட்டார் அதற்குப் பிறகுதான். தொட்டியின் அடி நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் குழாயைச் சுவருக்கு ஒட்டினாற்போலத் திருப்பி வைத்தால் தொட்டி முழுக்கச் சுழலும். கழிவு தேநீர்க் கோப்பையின் தூள் போல நடுவில் குவியும். 200 லிட்டர் டிரம் ஒன்றைப் படிவுக் கலனாக வைத்தால் மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல் விடக் கூடாது. அதற்கு மேல் விட்டால் படிவதற்கு முன்பே கழிவு மேலேறிப் போய்விடும். நம்முடைய 6,000 லிட்டருக்கு இரண்டு டிரம். வடிகால் குழாயில் தண்ணீர் தேங்கும் பள்ளமோ தேவையில்லாத எல்போவோ இருந்தால் அங்கே கழிவு அடைந்து அழுகும். ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து கழுவ ஒரு மூடி வைத்துவிடுவது பின்னால் பெரிய நிம்மதி.

காற்று

28 டிகிரி நன்னீரில் அதிகபட்சம் 7.8 பிபிஎம் ஆக்சிஜன்தான் கரையும். மீனுக்கு 5 வேண்டும். இந்த 2.8-க்குள்தான் ப்ளோயர் விளையாட முடியும். ஏரேட்டரின் திறனை 20 டிகிரியில், ஆக்சிஜனே இல்லாத சுத்தமான தண்ணீரில் அளந்து எழுதுகிறார்கள். நம் தொட்டியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். சிறு குமிழி விடும் ஏர் ஸ்டோனை 1 மீட்டர் ஆழத்தில் வைத்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 350 கிராம் ஆக்சிஜன் என்று வைத்துத் திட்டமிடலாம். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்து ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ ஆக்சிஜன் என்பது பாதுகாப்பான கணக்கு. 5 கிலோவுக்கு மணிக்குச் சராசரி 210 கிராம். தீவனம் போட்ட இரண்டு மணி நேரத்தில் உச்சம் 300 கிராமைத் தொடும். அதற்கு 0.85 கிலோவாட், ஒரு எச்பிக்கு மேல், இந்த ஒரு தொட்டிக்கு மட்டும்.

ப்ளோயரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் பின்னோக்கி வந்து அதற்குள் ஏறும். ரிங் ப்ளோயரின் வாயிலிருந்து முதல் ஒன்றிரண்டு மீட்டருக்கு இரும்புக் குழாய் போடுவது அவசியம். அந்தச் சூட்டில் பிவிசி இளகிக் கழன்றுவிடும்.

மின் தடையை நிமிடக் கணக்கில் யோசிக்க வேண்டும். 250 கிலோ திலாப்பியா மணிக்குச் சுமார் 60 கிராம் ஆக்சிஜனை மூச்சுக்கு எடுக்கும். தொட்டியில் அது மணிக்கு 5 பிபிஎம் இறக்கம். ஃபிளாக்கின் பங்கையும் சேர்த்தால், 6-இல் இருந்த ஆக்சிஜன் 2-க்கு வர அரை மணி நேரம்கூட ஆகாது. ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் அதை இயக்கும் ஆள் ஊருக்குள் இருக்கிறார் என்றால் அது இல்லாத மாதிரிதான். தானாக மாறும் இன்வெர்ட்டரோ, கரண்ட் போனதும் தானே திறக்கும் சோலனாய்டு வால்வு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டரோ வேண்டும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றை நேராகக் குடிப்பதால் இந்த அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஆனால் அம்மோனியாக் கணக்கு அவற்றுக்கும் ஒன்றுதான்.

மண் குளத்தில் இந்த வேலையைப் பாசி செய்கிறது. பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் எடுக்கும். எனவே ஆக்சிஜனை விடியுமுன் 5 மணிக்கும், பிஎச்சை மாலை 3 மணிக்கும் அளக்க வேண்டும்; மற்ற நேரத்து எண்கள் ஆறுதலுக்குத்தான். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 30 முதல் 40 சென்டிமீட்டரில் மறைய வேண்டும். 20-க்குள் மறைந்தால் பாசி மிகுதி. வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மூன்று நாள் மூட்டமாக இருந்தால் அந்தப் பாசியே மீனைக் கொல்லும். தீவனத்தை நிறுத்திவிட்டு, நள்ளிரவிலிருந்து வெயில் வரும் வரை துடுப்பு ஏரேட்டரை ஓட்ட வேண்டும்.

தொட்டிக்காரர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளை வைத்து இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். நாலு தொட்டிக்குச் சேர்த்து ஒரு எச்பி ப்ளோயர் இருக்கிறது. 0.75 கிலோவாட், மணிக்கு 260 கிராம் ஆக்சிஜன். உச்ச நேரத்துக்கு இடம் விட்டால் சராசரி 185 கிராம், நாளுக்கு 4.5 கிலோ. ஆகவே நாலு தொட்டிக்கும் சேர்த்து 4.5 கிலோ தீவனம்தான் போடலாம். தொட்டிக்கு 1.1 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் என்ற கணக்கில் 55 கிலோ மீன், அரைக் கிலோ எடையில் 110. திலாப்பியாதானே, 4 பிபிஎம் போதும் என்று துணிந்தால் ப்ளோயர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கரைக்கும். 150 மீன் வரை போகலாம். அந்தத் தொட்டியில் ஆயிரம் குஞ்சு நீந்திக்கொண்டிருந்தால், குஞ்சுகள் 50 கிராமைத் தாண்டுவதற்குள் பாதிக்கு மேல் வேறு தொட்டிக்கோ குளத்துக்கோ மாற்றியாக வேண்டும், அல்லது இன்னொரு ப்ளோயர் வந்தாக வேண்டும்.